மஞ்சள் துணிக்கு ஒரு சாண் மேலே

எங்கள் வீட்டு மாடிக்கு முதல் தடவை வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. போன்சாய் என்றதும் ஏதோ பொம்மைக் கடைக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டே படியேறி வருவார்கள். மேலே வந்தால் தொட்டி தொட்டியாக மொட்டைக் கட்டைகள் நிற்கும். தொடைத் தண்டிக்கு அடிமரம், அதன் தலையில் சாய்வாக ஒரு வெட்டு, பேருக்கு ஓர் இலை கிடையாது. "ஐயையோ, என்னங்க இது, செத்துப்போச்சா?" என்பார்கள். "இல்லை, நான்தான் வெட்டினேன்" என்பேன். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! ஏதோ கொலைகாரி வீட்டுக் காபியைக் குடித்துவிட்டோமோ என்று முழிப்பார்கள்.

விதை போட்டு வளர்க்க எனக்குப் பொறுமை கிடையாது. பாழடைந்த சுவரிலும் ஏரிக்கரையிலும் தானாக முளைத்துப் பருத்த மரங்களைத் தேடிப் பெயர்த்து வருவதுதான் என் வழி. பெயர்க்கும்போது பாதி வேர் போய்விடும். மிச்ச வேரால் மேலே இருக்கும் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. மரம் தவித்தே செத்துப்போகும். அதனால் தலையை எடுத்துவிட வேண்டும். ஆள் உயர மரத்தை முழங்காலுக்கும் கீழே ரம்பம் வைத்து அறுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உயிர் இருந்தால் பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் கும்பல் கும்பலாக வரும். அதிலும் நமக்கு வேண்டிய இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட வேண்டும். இதைச் சொன்னால் வந்தவர்கள் இன்னும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறவர். "பெருமாளுக்குத் துளசி பறிக்கறதுக்கே மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுண்டு பறிக்கறோம். நீ என்னடான்னா ரம்பத்தைத் தூக்கிண்டு அலையறே" என்று ஆரம்ப காலத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். பிறகு மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்க்கும் ஓர் ஆலையில், தரம் பார்க்கும் பிரிவில். வார்த்து வருகிற துண்டுகளைப் பார்த்து, இது போகலாம், இது உலைக்கே திரும்பட்டும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். திரும்ப வேண்டிய துண்டின் மேல் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். அந்தப் பெயிண்ட் டப்பா எப்போதும் என் பையில் இருக்கும். பின்னால் வந்த வினைக்கு அந்த டப்பாவும் ஒரு காரணம்.

ஆலையின் பின்பக்கத்தில் பழைய பம்பு ரூம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஓர் அரசமரம். வருஷா வருஷம் யாராவது மேலே வெட்டி வெட்டி விட்டதில் உயரம் போகாமல் அடி மட்டும் பருத்து, வேரெல்லாம் செங்கல்லை விரல் விட்டுப் பிடித்த மாதிரி சுவரில் வழிந்து இறங்கியிருந்தது. அப்படி ஓர் அடிமரத்துக்கு நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். போன வருஷம் புது ஷெட் போடுவதற்காக அந்தப் பம்பு ரூமை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்ததும் மேனேஜரிடம் ஓடினேன். "தாராளமா எடுத்துக்கோங்க மேடம், ஒரு தொல்லை விட்டது" என்றார்.

மரத்தைக் கைக்குக் கிடைத்த அன்றே வெட்டுகிற ஆள் நான் இல்லை. எங்கே வெட்டுவது என்பதை முன்கூட்டியே குறித்து வைப்பேன். ரம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தால், ஐயோ பாவம் என்று கொஞ்சம் மேலேயே வெட்டிவிடுவோம். பிறகு ஆயுசுக்கும் அந்த மரம் உருப்படாது. இந்த அரசமரத்தில் ஒரு நல்ல வளைவு இருந்தது. அதற்கு நேர் மேலேதான் வெட்டு. அடையாளத்துக்குக் கட்ட கையில் ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை கைப்பைக்குள் கிடந்தது. அதன் காதைக் கிழித்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டினேன். பிறகு எந்தப் பக்கம் மரத்துக்கு முகமாக இருக்க வேண்டும் என்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, மறக்காமல் இருக்க அந்தப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். வேலை முடிந்தது என்று திருப்தியாகக் கிளம்பினேன்.

அரசமரம். மஞ்சள் துணி. சிவப்புப் பொட்டு. கோயில் சாப்பாட்டில் வளர்ந்த குடும்பத்துக்காரிக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

அதற்கப்புறம் தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டதில் கொஞ்ச நாள் பின்பக்கம் போக முடியவில்லை. அவர்கள் ஒழிந்த மறுநாள், வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரடியில் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. என் சிவப்புப் பொட்டைச் சுற்றி மஞ்சள் பூசி, அதன் மேல் குங்குமம் அப்பியிருந்தது. என் துணிக்குத் துணையாக இன்னும் நாலைந்து துணிகள், வளையல்கள், வாழைப்பழத்தில் குத்தின ஊதுபத்தி, ஆணியில் எலுமிச்சம்பழம்.

"இன்னா மேடம், செருப்போட வந்து நின்னுக்கினு கீறீங்க?"

திரும்பினால், எங்கள் ஆலையைப் பெருக்குகிற அம்மா. ஒப்பந்தக்காரரின் ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் லேபுக்குள் வந்து, இங்கே தூசி இருக்கிறது, அங்கே தூசி இருக்கிறது என்று நான் கத்துவதைக் காதிலேயே வாங்காமல் தன்பாட்டுக்குப் பெருக்கிவிட்டுப் போகிறவர். கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தத் துணியைக் கட்டினது நான். கல்யாணப் பையோட காதைக் கிழிச்சுக் கட்டினேன். அது குங்குமம் இல்லை, பெயிண்ட். கழிச்சுக் கட்டுற இரும்புல வைக்கிற பெயிண்ட். மரத்தை எங்கே வெட்டணும்னு அடையாளம் போட்டு வச்சேன், அவ்வளவுதான்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏமாந்துபோன முகத்தை எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

"நீங்கதான் கட்னீங்களா? அதான பாத்தேன், துணி தானா எப்டி வரும்னு. உங்க கையால கட்ட வெச்சிக்கீறா பாரு ஆத்தா!" என்று சொல்லி, செம்பைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அறுத்துப் போட வந்த கை அது.

பிறகு அவரே சொன்னார். மகள் மாசமாக இருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை தங்கி ஆறாவது மாசம் நடக்கிறது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கால் முகமெல்லாம் வீங்குகிறது. "ஆஸ்பத்திரில டாக்டரம்மா திட்டினத்துக்கு மறுநா வேலைக்கு வந்தேன் மேடம். இன்னா பண்றதுன்னு தெரியாம பேஜாராகி, இங்க வந்து ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன். நிமிந்து பாத்தா துணி கட்டிக் கீது. அதுக்கு மொத நாளு வரிக்கும் இல்ல." அன்றிலிருந்து தினமும் வேலை தொடங்குவதற்கு முன் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, சுவரில் இருக்கிற மரத்தைச் சுற்றி வர முடியாதென்பதால் பம்பு ரூமையே சுற்றுகிறார். அதைப் பார்த்து கேன்டீன் பெண்கள், கேட் செக்யூரிட்டி என்று ஆளாளுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்மா, பம்பு ரூமை இடிக்கப் போறாங்க" என்றேன்.

"அதெல்லாம் அவ பாத்துப்பா" என்றார்.

பார்த்துக்கொண்டாள்தான். ஜேசிபி வந்த அன்று அதை ஓட்டி வந்தவர் மரத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். "துணி கட்டுன மரத்த நான் தொட மாட்டேன் சார். எங்க ஊட்லயும் பொம்பளப் புள்ளைங்க கீது." ஆந்திர எல்லைப் பக்கத்து சூப்பர்வைசர் ஒருவர், "வாணா நைனா, வேற ஆளக் கூட்டாந்தாலும் இதத்தான் சொல்லுவான்" என்று அவரோடு சேர்ந்துகொண்டார். மேனேஜர் நேராக லேபுக்கு வந்தார். "மேடம், மரத்தைக் கேட்டது நீங்க. துணி கட்டினதும் நீங்கன்னு சொல்றாங்க. நீங்களே எடுத்துக் கொடுங்க. எனக்கு ஷெட்டு எழும்பணும்."

பின்பக்கம் போனேன். பெருக்குகிற அம்மா மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வழிவிடுவதாக இல்லை.

"வெட்டாதீங்க மேடம்."

"நான் வெட்டலைன்னா நாளைக்கு வேற ஒருத்தர் சுவரோட சேர்த்து இடிச்சுத் தள்ளுவாங்க. எங்கிட்டக் கொடுத்தா பிழைக்க ஒரு வழி இருக்கு. ஆனா தலையை எடுத்தாத்தான் பிழைக்கும்."

"தலைய எட்த்தா எப்டி பொழைக்கும்?"

வேர், தண்ணீர், இலை என்று எல்லாம் சொன்னேன். எனக்குப் பொறுமை கிடையாது என்றேன் அல்லவா, அன்று மட்டும் எங்கிருந்தோ வந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, "நிச்சியமா பொழைக்குமா?" என்றார். நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றேன். பிறகு, "சரி. ஆனா துணி மேல கத்தி படக் கூடாது. கட்டினது கட்டினபடி இருக்கணும்" என்றார்.

துணி இருக்கும் இடம்தானே வெட்ட வேண்டிய இடம்! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் துணிக்கு மேலே தன் கையை விரித்து ஒரு சாண் அளந்து, கட்டை விரலை மேலே ஊன்றி, "இங்க" என்றார். அந்த ஒரு சாணும் மழைநீர்க் குழாய் மாதிரி நேராக இருந்தது. அதை விட்டுவைத்தால் என் மரத்தின் அழகே போச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த விரலை அவர் மரத்திலிருந்து எடுப்பதாக இல்லை. அங்கேயே வெட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

செவ்வாய், வெள்ளி ஆகாது என்று வியாழக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம். முதலில் கொத்தனாரைக் கொண்டு செங்கல் செங்கலாக உருவி வேரை விடுவித்தேன். ரம்பத்தை எடுத்து நிமிர்ந்தால் சுற்றிலும் ஆட்கள், எல்லோரும் வெறுங்காலோடு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மரத்தை அறுத்திருக்கிறேன்; ஒருவரும் வேடிக்கை பார்த்ததில்லை. ரம்பம் பட்டையைத் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று பால் வழிந்து என் மணிக்கட்டு வரை இறங்கியது. அரசமரத்தை அறுத்தால் பால் வரும், அது எனக்குத் தெரியாததா? ஆனால் பின்னால் யாரோ ஒரு பெண் "அம்மாடி!" என்று கத்தியதும் என் கை சட்டென்று நின்றுவிட்டது. மறுபடி இழுக்கச் சிரமப்பட்டேன்.

மேல் பாகம் இலையும் கிளையுமாகக் கீழே விழுந்தது. வெட்டுவாய் அழுகாமல் இருக்க மஞ்சளும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவது என் வழக்கம். பூசினேன். கும்பலாகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேர் காயாமல் இருக்க ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். அதற்கும் கும்பிட்டார்கள். நான் பாட்டுக்கு என் தொழிலைச் செய்கிறேன், அவர்கள் பூசை பார்க்கிறார்கள். பெருக்குகிற அம்மா மட்டும் கும்பிடவில்லை. கீழே விழுந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனார்.

குட்டியானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குங்குமமும் மஞ்சள் துணியுமாக வந்து இறங்கிய மொட்டைக் கட்டையைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாசலிலேயே உறைந்துவிட்டார். "அடிப் பாவி, அரசமரத்தையா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்விட்டார். ஆனால் மறுநாள் விடிந்ததும் மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மாடிப் பக்கமே வராத மனுஷர், கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அந்தத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் நிம்மதி போயிற்று. தினமும் லேபுக்குள் வந்ததும் அந்த அம்மாவின் முதல் கேள்வி, "துளிர் வந்துச்சா மேடம்?" இல்லை என்பேன். எத்தனை கட்டைகளை நட்டிருக்கிறேன், எத்தனை செத்திருக்கிறது! செத்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த சுவரைத் தேடிப் போவேன். ஒரு கட்டைக்காக நான் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. காலையிலும் மாலையிலும் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன்; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவர் விட்டுவைக்கச் சொன்ன அந்த ஒரு சாண் மேலிருந்து கறுத்துக் காய ஆரம்பித்தது. அந்தக் காய்வு கீழே கீழே இறங்கித் துணியை நோக்கி வந்தது.

ஒருநாள் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "மேலே கொஞ்சம் காஞ்சிருக்கு." அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. "அம்மா, மரம் வேற, உங்க பொண்ணு வேற. நீங்க என்னைக் கேக்கறதை விட்டுட்டு டாக்டரைக் கேளுங்க. மாத்திரை ஒழுங்காப் போடறாளா? உப்பைக் குறைச்சாளா?" என்று கத்தினேன்.

"எல்லாம் பண்ணிக்கினுதான் கீது மேடம்" என்று அமைதியாகச் சொன்னார். "மாத்திர போட்டுக்குது, உப்பில்லாம துன்னுது, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிக்கினு வருது. அதுக்கு மேல நான் இன்னா பண்றது? அதுக்கு மேலதான் இது." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒரு காலையில், துணிக்குக் கீழே, பட்டையில் சிவப்பாக அரிசி அரிசியாக என்னவோ தெரிந்தது. கண்ணாடியை எடுத்துவந்து போட்டுப் பார்த்தேன். துளிர். ஒன்றல்ல, பட்டையைச் சுற்றிச் சுற்றி. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு, முன் சீட்டு என்று எல்லோருக்கும் காட்டினேன். பேரப்பிள்ளையைக் காட்டுகிறவள் மாதிரி காட்டினேன்.

லேபுக்குள் வேறொரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா எங்கே? துளிர் வந்தாச்சுன்னு சொல்லணும்" என்று போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. "அவங்க வரல மேடம். நேத்து அவங்க பொண்ணுக்கு வலிப்பு வந்துருச்சாம். கொயந்த போச்சு. பொண்ணு இன்னும் கண்ணு முழிக்கல" என்றாள்.

போன் என் கையில் நீட்டியபடியே இருந்தது. திரையில் அந்தச் சிவப்புத் துளிர்கள். அன்று எந்தத் துண்டை அனுப்பினேன், எதைத் திருப்பினேன் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தும் மாடிக்குப் போகப் பிடிக்கவில்லை. அந்த மரத்தின் மேல் எனக்கு வந்தது வெறுப்புத்தான். வேறு பேர் வைக்க முடியாது. வந்ததுதான் வந்தாய், இன்றைக்கா வர வேண்டும்?

தண்ணீர் ஊற்றும் வேலையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். துளிரைக் கிள்ளிவிட வேண்டிய நேரம் வந்து தாண்டிப் போயிற்று. நான் கிள்ளவில்லை. மகள் பிழைத்துவிட்டாள் என்று ஆலையில் சொன்னார்கள். அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. ஒரு மாசத்துக்கு மேல் ஆகி அவரிடமிருந்து போன் வந்தது. "திருவள்ளூர்ல டாக்டராண்ட வந்தோம் மேடம். பொண்ணு அந்த மரத்த பாக்கணும்னுது. கூட்டாரவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கூட்டி வாருங்கள் என்று வாய் சொல்லிவிட்டது.

மகளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகத்தில் வீக்கமெல்லாம் வற்றி, தோல் தளர்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறினாள். அவள் படி வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, கீழ்ப்படியில் நின்றபடியே அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

"எங்கூடப் பேச மாட்டேங்குது மேடம். ஆஸ்பத்திரிலேந்து வந்ததிலேந்து ஒரு வார்த்த இல்ல. அன்னிக்கு டாக்டரம்மா வெளிய வந்து, இப்பவே கொயந்தய எட்த்தாத்தான் பெரிய உசுரு நிக்கும், சின்ன உசுரு தங்காது, இன்னா சொல்றீங்கன்னாங்க. மாப்ள நின்னுக்கினு அழுவறாரு, வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன், எடுத்துருங்கன்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த மரத்தாண்ட நான் புள்ளைய கேக்கவே இல்ல மேடம். மொத நாள்லேந்து பொண்ணத்தான் கேட்டுக்கினு இருந்தேன். கொடுத்துருச்சி. இத்த யாராண்ட போயி சொல்லுவேன்?"

இத்தனை நாளும் அவர் பேரனுக்காகத்தான் சுற்றினார் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆலையில் எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள்.

மாடியில் மகள் மரத்துக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். கிள்ளாமல் விட்டதில் துளிர்கள் விரல் நீளத்துக்கு வளர்ந்து, தாமிர நிறத்தில் இலை விட்டு, அடிமரத்தை மறைத்துக்கொண்டு நின்றன. காற்றே இல்லாதபோதும் அரச இலை ஆடும். ஆடிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்த அம்மா கடைசிப் படியோடு நின்றுவிட்டார்.

"இவ்ளோ துளிரும் இருக்குமா மேடம்?" என்று மகள் கேட்டாள்.

மாடிக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. என் வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. "இல்லம்மா, எல்லாத்தையும் விட்டா ஒண்ணை ஒண்ணு நெருக்கிண்டு ஒண்ணுமே உருப்படாது. மரத்துக்குத் தாங்காது. இரண்டு மூணை வச்சுண்டு மத்ததை எடுத்துடணும்..." பாதியில்தான் நான் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே கேட்டது. வாயை மூடினேன். சொன்னது சொன்னதுதான்.

அவள் முகம் மாறவில்லை. ஒரு துளிரை விரல் நுனியால் தொட்டாள்.

"எது நிக்கணும், எது போவணும்னு யாரு சொல்றது?"

நான்தான். எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்.

"நான்தான் சொன்னேன்" என்றது பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல். அந்த மாதிரிக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "நான்தான்டி சொன்னேன். உன்ன வெச்சிக்கினு அத்த எடுத்துர சொன்னேன்."

மகள் திரும்பவில்லை. மரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"நெனப்பே இல்லாம கெடந்தியேடி."

"அதுக்கு மொத நாளு முழிச்சிக்கினுதான கெடந்தேன்? இப்டி ஆனாலும் ஆவும்னு டாக்டரம்மா அப்பவே உன்னாண்ட சொல்லிக்கீறாங்க. நர்ஸ் சொன்னாங்க எனக்கு. பக்கத்துலயே ஒக்காந்து காலு அமுக்கிக்கினு இருந்த. அப்ப கேட்டிருக்கலாம்ல?"

நான் நகரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றார் அந்த அம்மா.

"புள்ளைய வெச்சிக்கோ, என்ன உட்ருன்னு சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான்டி கேக்கல."